‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று பாலிசியில் எங்கே எழுதியிருக்கிறது?

விபத்துக்குள்ளான வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக நான் பட்டறைக்குள் நுழைந்ததும், காரின் உரிமையாளர் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்.” ஃபுல் மீல்ஸ் என்றால் போதும் என்னும்வரை சோறு வரும், ஃபுல் டேங்க் என்றால் மூடிவரை பெட்ரோல் நிற்கும்; அந்தப் பழக்கத்தில் பில் தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் நம் ஊரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எனப்படுவது பேக்கேஜ் பாலிசியைத்தான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள, நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டோடு, சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீடும் அதில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த ‘ஃபுல்’லுக்குப் பொருள் இல்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மூன்று வயது முடிந்து நான்காம் ஆண்டில் ஓடும் 1,200 சிசி கார். பம்பரும் ஹெட்லைட்டும் 20,000 ரூபாய், பானெட் 9,000, வேலைக்கூலி 6,000. பெயிண்டையும் வரியையும் விட்டுவிட்டால் மொத்தம் 35,000. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம் என்பதால் 10,000தான் நிற்கும், உலோகமான பானெட்டுக்கு அந்த வயதில் 25 சதவீதம் போக 6,750, கூலியில் கழிவில்லை. கூட்டி, உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயை எடுத்தால் கைக்கு வருவது 21,750. மீதி 13,250 ரூபாயை உரிமையாளர் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். ‘ஜீரோ டெப்’ என்னும் கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு இராது. அப்போதும் அந்த 1,000 ரூபாய் அவருடையதுதான்.

வெள்ளம் வேறு கதை. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் சாவியைத் திருகிப் பார்த்ததுதான். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திராவிட்டால், இது வெள்ளத்தின் நேரடிச் சேதமன்று, பின்விளைவு என்று சொல்லிப் பாலிசி கைவிரிக்கக்கூடும். அந்தத் திருகலைத் தவிர்த்து, டோ வண்டிக்குக் காத்திருப்பதே நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், ‘மூணு வருஷத்துக்கு ஃபுல்லா போட்டாச்சு’ என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சொந்தச் சேதக் காப்பீட்டின் கடைசித் தேதி தனியாக அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ஓராண்டுதான். இரண்டாம் ஆண்டில் மரத்தில் மோதிய காரோடு வந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

பாலிசியில் எங்கு தேடினாலும் கிடைக்காத அந்த ‘ஃபுல்’, கடைசியில் நீட்டப்படும் ரசீதில் தவறாமல் இருக்கும்: ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. முழுமையும் இறுதியுமாகப் பெற்றுக்கொண்டேன், இனி கோர ஒன்றுமில்லை என்பது அதன் பொருள். தொகை பிடிக்காமலே அவசரத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் எல்லாம் போயிற்று என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. மோசடியாலோ நெருக்கடியாலோ பெறப்பட்ட கையெழுத்து நுகர்வோரின் உரிமையைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கூறியிருக்கிறது. அத்தகைய ரசீதைக் காட்டிக் கூடுதல் தொகை கேட்கும் உரிமையை மறுக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2015இல் சுற்றறிக்கை விட்டது. ஆயினும் நெருக்கடி இருந்ததை நிறுவும் சுமை கையெழுத்திட்டவர் மீதே விழும். ஆகவே தொகையில் உடன்பாடு இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதித் தேதியிட்டு, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.