கரட்டில் கட்டை இறக்க ஒரு வண்டி: மானியம் எங்கே கிடைக்கும், எங்கே நழுவும்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கமோ கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கமோ கரட்டை ஒட்டிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு மரம் வெட்டுவது பெரிய வேலை இல்லை. வெட்டியதை ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. டிராக்டர் ஏறாது. ஆள் வைத்துத் தூக்கினால் கூலி போக மிஞ்சுவது கொஞ்சம். அதனால்தான் இன்ஜின் வைத்த தள்ளுவண்டியைப் பற்றி இப்போது பலரும் விசாரிக்கிறார்கள். கூடவே வரும் கேள்வி: "இதுக்கு மானியம் உண்டா?"

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற ஒன்றிய அரசின் திட்டம் 2014-15 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் அதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. பொதுவாக விலையில் 40 சதவீதம் மானியம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு இன்னும் 20 சதவீதம் சேர்த்துத் தருகிறது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. அதற்குத் தாசில்தார் சான்று வேண்டும்.

சதவீதத்தைக் கேட்டதும் மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு ஒன்று உண்டு. பேச்சுக்கு, வண்டி 1,50,000 ரூபாய், வரம்பு 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி விலை 75,000 ஆனாலும் கைக்கு வருவது 60,000தான்.

பெரும்பாலும் நழுவுவது வேறு இடத்தில். துறையின் பட்டியலில் உள்ள கம்பெனி, அதே மாடலுக்குத்தான் மானியம். பவர் டில்லர் (கையால் பிடித்து ஓட்டும் உழவு இயந்திரம்), பவர் வீடர் (களை எடுக்கும் இயந்திரம்) எல்லாம் பட்டியலில் வழக்கமாக இருப்பவை. இன்ஜின் தள்ளுவண்டியை அந்த நம்பிக்கையில் வாங்கக் கூடாது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் உறவுக்காரர் ஒருவர், "சப்சிடி நாங்களே வாங்கித் தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் கட்டி வண்டியை ஓட்டி வந்துவிட்டார். பில்லை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனபோது, "அனுமதி வாங்காம வாங்கினதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதன் பிறகே வண்டி. உழவன் செயலியிலேயே பதியலாம். ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல், போட்டோ கையில் இருக்கட்டும். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூரில் உள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் என்னைக் கேட்டால் நல்லது.

இனி எந்த வண்டி? முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தடத்தில் நடங்கள். இரண்டு பாறைக்கு நடுவில், வரப்பு முக்கில், எங்கே மிகக் குறுகலோ அந்த அகலம்தான் உங்கள் வண்டியின் அகலத்தைச் சொல்லும். டிரெய்லரோடு பவர் டில்லர் திரும்ப இடம் இருந்தால் அதையே வாங்குங்கள். மானியமும் சுலபம், உழவுக்கும் ஆகும். இடம் இல்லாத ஒற்றையடித் தடத்துக்குத்தான் தள்ளுவண்டி.

சரளைச் சரிவில் டயர் சறுக்கும், டயருக்குப் பதில் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பெல்ட் பிடித்து நிற்கும். ஆனால் கூரான கல்லில் பெல்ட் கிழியும், மாற்றுவதற்கு விலையும் அதிகம். சமதளம் கூடுதலாக இருந்தால் டயரே போதும். கைப்பிடியை விட்டதும் வண்டி தானாக நிற்கிறதா என்று சரிவில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பாரக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றளவு 3 அடி, நீளம் 6 அடி உள்ள புளியங்கட்டையை மர வியாபாரி அவர் வழக்கப்படி சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் 3.4 கன அடிகூட வராது. உண்மையில் அதில் இருப்பது 4.3 கன அடி. பச்சையாக இருந்தால் ஏறக்குறைய 120 கிலோ. வியாபாரி கணக்கில் விட்ட மரத்தையும் வண்டி சுமந்தாக வேண்டும். 300 கிலோ என்று எழுதிய வண்டியில் சமதளத்தில் இரண்டு கட்டை ஏற்றலாம். மேட்டில் ஒன்றோடு நிறுத்துங்கள். மேடு ஏறும்போது கட்டை பின்னால் நழுவினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஓட்டுபவர் நிற்பதும் பின்னால்தான். பெட்டி வைத்த வண்டியைவிட, பக்கத் தகடு கழன்று முளைக்கம்பி நிற்கிற தட்டுதான் மரத்துக்குத் தோது. கட்டையை இரண்டு இடத்தில் கட்டுப்பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

வண்டிக்கு மானியம் கிடைத்ததால் மரத்துக்கு அனுமதி வந்ததாக ஆகாது. பட்டா நிலத்தில் நின்றாலும் தேக்கு, சந்தனத்துக்கு வனத்துறையின் அனுமதி தனி. காட்டோரக் கொல்லை என்றால் எந்த மரமானாலும் வெட்டுவதற்கு முன் ரேஞ்சர் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வருஷத்தில் பத்து நாள் வேலைக்குத் தனியாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்தால் இதே திட்டத்தில் வாடகை இயந்திர மையத்துக்கு உதவி கேட்க வழி இருக்கிறது. ஆபீசுக்குப் போகும்போது தடத்தின் அகலத்தையும் ஒரு கட்டையின் எடையையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பொறியாளர் கேட்கப்போகும் முதல் இரண்டு கேள்வி அவைதான்.