ஸ்டோர்டு ப்ரொசீஜர்: சேமித்திருப்பது எதை?

“எஸ்.பி.யைக் கூப்பிட்டா நாற்பது நொடி ஆகுதுங்க” என்று போன மாங்காய் சீசனில் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. எடைச் சீட்டு போடும் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஊரில் எஸ்.பி. என்றால் காவல் கண்காணிப்பாளர்தானே! ஸ்டோர்டு ப்ரொசீஜரைத்தான் சுருக்கிச் சொன்னேன், டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்தது என்று விளக்கினேன். “சேமிச்சு வெச்சதை எடுக்க எதுக்குத் தம்பி இவ்வளவு நேரம்?” என்றார்.

நியாயமான கேள்வி. சேமித்திருப்பது விடையை அல்ல, விடைக்குப் போகும் வழியை, அதாவது கட்டளைகளின் வரிசையை.

ப்ரொசீஜர் என்பதன் வேர் லத்தீனில், ‘முன்னே செல்’ என்ற பொருளில் இருக்கிறது. நம் ‘நடைமுறை’யிலும் நடை இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908 என்று சட்டத் தமிழ் இதைத்தான் எடுத்துக்கொண்டது. வேருக்கு வேர் அழகான பொருத்தம். ஆனால் ‘நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று பேசிப் பேசி அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. ‘செயல்முறை’யைப் பலர் எழுதுகிறார்கள், அது ப்ராசஸுக்கும் வருவதால் குழப்பம். என் ஓட்டு ‘செய்முறை’க்கு. சமையல் குறிப்பில் ‘தேவையானவை’க்குக் கீழே வருமே, அதே செய்முறை. குறிப்பு எழுதி வைத்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் அடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டும்.

‘ஸ்டோர்டு’ என்ற முன்சொல்லில் கவனம் வேண்டும். ‘சேமிப்புச் செய்முறை’ என்றால் சேமிப்பதற்கான செய்முறை என்றாகிவிடும். ‘சேமித்த செய்முறை’ என்பதே சரி.

1987இல் வந்த சைபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளிலேயே இது இருந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் அதன் வழி வந்ததுதான். ஜாவா நிரலிலிருந்து இதைக் கூப்பிட உதவுவது காலபிள் ஸ்டேட்மென்ட்.

சரி, நாற்பது நொடிக்கு வருவோம். ஆலையின் ஜாவா நிரல் கூப்பிட்டால்தான் அந்த நாற்பது நொடி. அதே செய்முறையை மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில், அதாவது டேட்டாபேஸை நேரடியாகக் கையாளும் கருவியில், ஓட்டினால் ஒரு நொடிதான். ஜாவா மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம், எனக்கும். ஆனால் எஸ்க்யூஎல் சர்வர் இன்னொன்றையும் எடுத்து வைக்கிறது: முதல் அழைப்பில் வந்த மதிப்பைப் பார்த்துத் தீட்டிய இயக்கத் திட்டம், அதாவது தகவலை எந்த வழியில் தேடி எடுப்பது என்ற திட்டம். அன்று காலை முதலில் கேட்கப்பட்டது மூன்றே லோடு போட்ட ஒரு விவசாயியின் கணக்கு. அதற்குத் தீட்டிய திட்டத்தையே, ஆயிரக்கணக்கில் லோடு போட்ட மண்டிக்காரர் கணக்குக்கும் ஓட்டியது. நாலு பேருக்கு ரசம் வைக்கும் சட்டியில் கல்யாணப் பந்திக்கு வைத்த கதை.

ஸ்டுடியோ மட்டும் ஏன் வேகம்? அது அரித்அபார்ட் (கணக்கில் பிழை வந்தால் வினவலை நிறுத்துவது) என்ற அமைப்பை ஆன் செய்துகொண்டு இணைகிறது. ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. அமைப்பு மாறினால் திட்டமும் தனி. நான் மண்டிக்காரர் எண்ணைக் கொடுத்து ஓட்டியதும் அதற்கேற்ற புதுத் திட்டம் அங்கே உருவாகிவிட்டது. ஸ்டுடியோவில் அந்த அமைப்பை ஆஃப் செய்து ஓட்டினேன். அங்கேயும் நாற்பது நொடி! அப்புறம்தான் ஜாவா மேல் இருந்த சந்தேகம் போனது.

செய்முறைக்குள் தாமதமான அந்த ஒரு வினவலுக்கு மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல் என்ற குறிப்பைச் சேர்த்தேன். கூப்பிடும்போதெல்லாம் திட்டத்தைப் புதிதாகத் தீட்டும். கொஞ்சம் சிபியூ செலவு, அவ்வளவுதான். அடுத்த லாரி எடைமேடையை விட்டு இறங்குவதற்குள் கணக்கு திரைக்கு வந்துவிட்டது. அக்கா மட்டும் இன்றைக்கும் “எஸ்.பி. நல்லா இருக்காரா தம்பி?” என்றுதான் கேட்கிறார்.