சீர்மிகு நகரத் திட்டம்: பணம் வந்த வழியும் கணக்குக் கேட்கும் வழியும்

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையும், புதிதாகக் கட்டப்பட்ட மதுரைப் பெரியார் பேருந்து நிலையமும், சென்னைப் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையும் ஒரே திட்டத்தின் பணத்தில் உருவானவை. ‘ஸ்மார்ட் சிட்டி’ என்று எல்லோரும் சொல்லும் அத்திட்டத்துக்குத் தமிழில் சீர்மிகு நகரத் திட்டம் என்று பெயர். 2015 ஜூன் 25 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய இத்திட்டம் பலமுறை கால நீட்டிப்புப் பெற்று, 2025 மார்ச் 31 அன்று முடிவடைந்தது. திட்டம் முடிந்தாலும், அதில் கட்டியவற்றைப் பராமரிக்கும் செலவு இனி உள்ளூர் வரிப்பணத்தில்தான் நடக்க வேண்டும் என்பதால், அந்தப் பணம் எப்படி வந்தது, யார் செலவழித்தார்கள் என்பது ஒவ்வொரு வீட்டு வரிதாரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாடு முழுவதும் 100 நகரங்களுக்கு, ஐந்து ஆண்டுகளில் 48,000 கோடி ரூபாய் என்பது ஒன்றிய அரசின் அறிவிப்பு. ஒரு நகரத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 100 கோடி வீதம் 500 கோடி. அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, தஞ்சாவூர், திருப்பூர், வேலூர், தூத்துக்குடி, ஈரோடு ஆகிய 11 நகரங்கள் இத்திட்டத்தில் இடம்பெற்றன.

பணத்தின் அளவைவிட அது சென்று சேர்ந்த இடமே முக்கியமானது. தொகை மாநகராட்சியின் பொதுக் கணக்குக்குப் போகவில்லை. ஒவ்வொரு நகரத்திலும் நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு தனி நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, அதில் மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்துக்கொண்டன. இத்திட்டப் பணிகளைப் பொறுத்தவரை மாமன்றத்துக்கு உள்ள உரிமைகளையும் கடமைகளையும் இந்த நிறுவனத்திடம் ஒப்படைக்குமாறு ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் ஊக்குவித்தன. கோப்புகள் தேங்காமல் வேலை விரைவாக நடக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளை மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசாகக் கருதி, நகரத் திட்டமிடல் உட்பட 18 பொறுப்புகளை அவற்றுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. அந்தத் திருத்தத்தின் நோக்கத்துக்கு இந்த ஏற்பாடு ஒவ்வாதது என்ற விமர்சனம் தொடக்கத்திலேயே எழுந்தது. அது நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. 2016 அக்டோபரில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் மேயரும் இல்லை, மன்ற உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்களே மாநகராட்சிகளை நடத்தினார்கள். திட்டத்தின் பெரும் ஒப்பந்தங்கள் பல இந்தக் காலத்தில்தான் முடிவாயின. மன்றத்தில் எழுந்து ‘எங்கள் வார்டுக்குக் குடிநீர்க் குழாய் முதலில் வேண்டாமா?’ என்று கேட்க ஒருவர்கூட இல்லாத ஆண்டுகளில் நகரத்தின் முன்னுரிமைகள் முடிவு செய்யப்பட்டன என்பதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

முன்னுரிமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பணத்தின் பெரும்பகுதி நகரம் முழுவதற்கும் பரவாமல், தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை மேம்படுத்தவே ஒதுக்கப்பட்டது; ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதியைச் சீரமைப்பதானால் 500 ஏக்கருக்கு மேல் இருந்தால் போதும். சென்னையில் அந்தப் பகுதி தியாகராய நகர். 2021 நவம்பர் மழையில் அதே தியாகராய நகரில் வெள்ளம் தேங்கியதும், செலவழித்த பணம் எங்கே போனது என்ற கேள்வி மாநிலம் முழுவதும் எழுந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் இத்திட்டப் பணிகளை ஆராய விசாரணைக் குழு அமைத்தது.

கணக்குக் கேட்கப் பொதுமக்களுக்கு வழி இருக்கிறது. இந்த நிறுவனங்கள் அரசின் பணத்திலும் கட்டுப்பாட்டிலும் நடப்பவை என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும். 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஒப்பந்தத் தொகை, பணி முடிந்த நாள், பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. பொத்தாம்பொதுவான கேள்விக்குப் பொத்தாம்பொதுவான பதிலே வரும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த, மன்ற உறுப்பினர் தலைமையிலான வார்டு குழுக்களும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைகளும் கணக்குக் கேட்க இன்னொரு இடம். சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது: 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களை இடம்பெயர்க்கக் கூடாது, சாலையோர விற்பனையை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் அவர்களுடையது. அழகுபடுத்தும் பணி என்ற பெயரில் கடைகள் அகற்றப்படும்போது முதலில் பறிபோவது இவர்களின் பிழைப்பு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் 1 லட்சம் கோடி ரூபாயில் ‘நகர்ப்புற சவால் நிதி’ என்ற புதிய ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அதில் திட்டச் செலவில் 25 விழுக்காடு வரை மட்டுமே நிதியிலிருந்து கிடைக்கும். குறைந்தது 50 விழுக்காட்டை நிதிப் பத்திரம், வங்கிக் கடன், தனியார் பங்கேற்பு ஆகியவற்றின் வழியே திரட்ட வேண்டும். மாநகராட்சி கடன் வாங்கினால் அதை அடைப்பதற்குச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும்தான் கைகொடுக்க வேண்டும். இம்முறை மன்றங்கள் இருக்கின்றன. கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, எந்த வருவாயை நம்பி என்று கையெழுத்தாகும் முன்பே உங்கள் மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.