வேர் போனாலும் பச்சை மாறாத செடி

புதிதாக வாங்கி வந்த கள்ளிச்செடி (கேக்டஸ்) ஒன்றைத் தொட்டியிலிருந்து உருவினேன். செடி கையோடு வந்தது, வேர் வரவில்லை. வருவதற்கு அங்கே வேரே இல்லை. அடியில் பழுப்பு நிறத்தில் நாலைந்து நூல்கள்தான் தொங்கின. மேலே பார்த்தால் உருண்டு திரண்டு பந்து மாதிரி இருந்தது. இருந்ததிலேயே இதுதான் நல்ல செடி என்று பொறுக்கி எடுத்தவன் நான்தான்.

ரோஜாச்செடியாக இருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன். வேர் கெட்டால் அது சீக்கிரமே தலையைத் தொங்கப்போட்டுவிடும். கள்ளி அப்படியில்லை. அதன் உடம்பே ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே தடித்த மெழுகுத் தோல். தோலில் உள்ள நுண்துளைகளைப் பகலில் இறுக மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் இழுத்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக்கிச் சேர்த்துவைத்து, விடிந்ததும் துளைகளைத் திறக்காமலே அதிலிருந்து சர்க்கரை செய்துகொள்ளும். பகல் வெயிலில் ஆவியாகிப் போகும் தண்ணீர் அதனால் மிகக் குறைவு. இந்தச் சிக்கனம்தான் நம்மை ஏமாற்றுகிறது. வேர் செத்து மாதக்கணக்கானாலும் மேலே பச்சை மாறாது. புதுச்செடியைத் தொட்டியோடு அப்படியே ஜன்னலில் வைத்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள், ஒரு மாதமாவது. அப்புறம் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு முள் கிளம்பும் மேடுகளைப் பாருங்கள். ஏரியோல் எனப்படும் இந்தப் பஞ்சு மேடுகள் கள்ளிக் குடும்பத்தின் அடையாளம். மாவுப்பூச்சிக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது, வெள்ளைப் பஞ்சுக்குள் வெள்ளைப் பூச்சி. பல்குத்தும் குச்சியால் லேசாகக் கிளறிப் பாருங்கள். செடியின் சொந்தப் பஞ்சு வளைந்து கொடுக்கும், பூச்சியாக இருந்தால் மாவாக நசுங்கி ஈரம் ஒட்டும்.

இந்தப் பூச்சியின் மேல் தண்ணீர் அடித்துப் பயனில்லை. உடம்பெல்லாம் மெழுகுத்தூள் என்பதால் துளிகள் உருண்டு ஓடிவிடும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அந்த மெழுகை ஊடுருவிப் பூச்சியை நனைத்துக் கொல்லும். காது பட்ஸில் தோய்த்து ஒவ்வொரு மேடாகத் தொட்டுவிட்டு, செடி உலரும்வரை நிழலில் வையுங்கள். ஆனால் மெழுகு நூல் பொதிக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடலாம். அதனால் வாரம் ஒரு முறை என்று மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும். ஒரே தடவையில் தீர்ந்தது என்று விடுபவர்கள்தான் பிறகு புலம்புவார்கள்.

துரு மாதிரிப் பழுப்பு படர்ந்திருந்தால் எங்கே என்று பாருங்கள். வயதான செடியின் அடிப்பகுதியில் என்றால் பெரும்பாலும் வெறும் மூப்பு, தோல் தக்கை போலக் கெட்டிப்படுவது. உச்சியில் இளம் தோலில் என்றால் சிவப்புச் சிலந்திப்பேனைச் சந்தேகப்படலாம். வெள்ளைத் தாளின் மேல் செடியைத் தட்டினால், விழும் புள்ளிகளில் ஏதாவது நகர்கிறதா என்று தெரிந்துவிடும். (உச்சியில் காகிதம் போல மொரமொரப்பான பூ இருந்தால் அதையும் பாருங்கள். பசையால் ஒட்டியதாக இருக்கலாம்!)

இனி வேர். நாளிதழை நீளமாக மடித்துச் செடியின் இடுப்பில் பட்டை போலச் சுற்றிப் பிடித்து உருவினால் கையில் முள் ஏறாது. பழைய மண் பெரும்பாலும் பீட்டாகத்தான், அதாவது சதுப்பு நிலத்தில் மக்கிய பாசியாகத்தான் இருக்கும். ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பீட் சுருங்கித் தண்ணீரை ஏற்க மறுக்கும், ஊற்றுவதெல்லாம் தொட்டிச் சுவரோரம் ஓடிவிடும். உதிர்த்து எடுத்துவிடுங்கள். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் சுண்ணாம்புத்தூள் அப்பியது போல இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு வேரைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

காய்ந்து செத்த வேரைக் கண்டு பயப்பட வேண்டாம். பாலைவனத்திலேயே வறட்சியில் மெல்லிய வேர்கள் உதிர்ந்துபோகும், மழை விழுந்ததும் புதிதாக முளைக்கும். அழுகல்தான் ஆபத்து. ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் அடியிலிருந்து வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டே போங்கள். நடுவில் தெரியும் வளையத்தில் பழுப்போ சிவப்போ ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் வெட்ட வேண்டும், கத்தியை மறுபடி துடைத்துவிட்டு. பிறகு அந்த வாயைக் காற்றில் உலர விடுங்கள். வெட்டுப்பட்ட செல்கள் தக்கை போன்ற படலத்தை உண்டாக்கி வாயை அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் பூஞ்சை நுழைவது கடினம். சின்ன வேர்க் காயத்துக்குச் சில நாள் போதும், தண்டையே வெட்டியிருந்தால் இரண்டு வாரம்கூட ஆகும்.

தொட்டி விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, வடிகாலுக்கு என்று அடியில் கூழாங்கல் பரப்புவது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். சின்னத் துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் நுண்குழல் விசை குறிப்பிட்ட உயரம் வரைதான் தண்ணீரைத் தாங்கும், அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் அளவு. தொட்டியிலும் இதே கதைதான். மண்ணின் அடியில் எப்போதும் ஓர் ஈர அடுக்கு நிற்கும். கல் பரப்பினால் அது கல்லுக்குள் இறங்காமல் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் போய் நிற்கும். ஈர அடுக்கைக் குறைக்க நல்ல வழி கலவை முழுவதையும் பருமனாக்குவது: பாதிக்கு மேல் பியூமிஸ் (துளை நிறைந்த எரிமலைக் கல்), பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைக் குருணை), கல் குருணை ஏதாவது, பொடியைச் சலித்துவிட்டு. தொட்டி வேர்ப்பந்தைவிட விரல் பருமன் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுக்கும். வேரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், ஒரு வாரம் பொறுங்கள். வெயிலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும், நிழலில் வளர்ந்த தோல் வெந்தால் அந்தத் தழும்பு மறையாது.

என்னுடைய அந்த வேரில்லாப் பந்தை வெள்ளையான சதை தெரியும்வரை வெட்டி, இரண்டு வாரம் ஓர் அலமாரித் தட்டில் போட்டுவைத்தேன். பிறகு காய்ந்த கலவையின் மேல் சும்மா உட்காரவைத்தேன். கொஞ்சம் சுருங்கியது. ஒரு மாதம் கழித்துத் தூக்கப் பார்த்தபோது பந்து அசையவில்லை. கலவையை விரலால் ஒதுக்கினேன், அரிசி முனை போல மூன்று வெள்ளை வேர்கள். அன்றைக்குத்தான் முதல் தண்ணீர்.