ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு எல்பி கேளுங்கள்

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கி, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பாட்டு கேட்கும். கொசு பாடுவதுபோல இருக்கும், ஆனால் என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். கச்சேரி ரெக்கார்டு என்றால் வயலின் மெலிதாகக் கீச்சிடும், மிருதங்கத்தின் வலந்தலை டக் டக்கென்று வரும். இடது பக்கமான தொப்பியின் 'தோம்' மட்டும் எங்கோ போயிருக்கும்.

அந்தத் தோம் எங்கே போனது? ஊசி மிகச் சிறியது, தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய அளவு காற்றை அதனால் தள்ள முடியாது. இது பாதிக் காரணம். தட்டில் பாட்டைப் பள்ளமாக வெட்டும்போதே தோமைச் சுருக்கிவிட்டார்கள் என்பது மீதிப் பாதி.

ஏன் சுருக்க வேண்டும்? ஊசி எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை, ஊசியைப் பிடித்திருக்கும் காந்த கார்ட்ரிட்ஜ் கவனிப்பதில்லை. எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதற்கே அது மின்சாரம் தருகிறது. நொடிக்கு 5000 முறை அதிரும் ஒலியையும் 50 முறை அதிரும் ஒலியையும் ஒரே வேகத்தில் பதிய வேண்டுமென்றால், இரண்டாவதற்கு ஊசி நூறு மடங்கு அகலமாக ஆட வேண்டும். பள்ளத்தின் அகலமோ ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அப்படியே விட்டால் ஒவ்வொரு தோமுக்கும் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். இடம் விட்டு வெட்டினால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் கொள்ளாது. அதனால் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். 20 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 20 அதிர்வு) கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காகக் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏற்றம். வீடு மாற்றும்போது மெத்தையைச் சுருட்டிக் கட்டி லாரியில் ஏற்றுவதுபோலத்தான். கேட்கும் இடத்தில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பிரித்து விரிக்க வேண்டும். விரிக்கும்போது உச்ச ஒலி பத்தில் ஒன்றாகக் குறைவதால், அதோடு சேர்ந்து தட்டின் இரைச்சலும் அடங்குகிறது.

முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் சுருட்டியது. 1954 வாக்கில் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரே கணக்கைக் கொண்டுவந்தது. இன்றும் அதுதான். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 'ஃபோனோ' என்று தனியாக ஒரு வாய் இருப்பது இந்தப் பிரிக்கும் வேலைக்காக. சத்தத்தை ஏற்றுவதும் அங்கேதான் நடக்கிறது. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட், காந்த கார்ட்ரிட்ஜ் தருவதோ 3 முதல் 5 மில்லிவோல்ட்.

என் முதல் பிளேயரை நான், சிடி பிளேயர் போன்றவற்றுக்கான 'ஆக்ஸ்' வாயில் செருகிவிட்டு, விற்றவரை இரண்டு நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றினாலும் அதே கொசுதான். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ வாய் இல்லையா, சின்னப் பெட்டியாகத் தனியாக விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சில பிளேயர்களுக்குள்ளேயே அது இருக்கும். அப்போது ஆக்ஸில்தான் செருக வேண்டும். இரண்டு முறை பிரித்தால் எல்லாம் தோமாகிவிடும்.

சரி, ஊசிக்கு வருவோம். பள்ளம் 'வி' எழுத்து வடிவில் இருக்கும். இரண்டு சுவர்களும் 45 பாகை சாய்ந்திருக்கும். உள்சுவரில் இடது ஸ்பீக்கருக்கானது, வெளிச்சுவரில் வலதுக்கானது. ஒரே ஊசி இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் இந்த யோசனைக்கு 1931-லேயே காப்புரிமை கேட்டார். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வர 1950-களின் கடைசி ஆனது. பிளம்லைன் 1942-ல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார். ஒரு ஸ்டீரியோ தட்டைக்கூடக் கடையில் பார்க்கவில்லை மனிதர்.

இருபது நிமிடப் பக்கம் ஒன்றில் இந்தப் பள்ளம் சுமார் 430 மீட்டர் நீளம். ஆனால் எல்லா மீட்டரும் ஒன்றுபோல இல்லை. தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். வெளிவிளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அதே ஒரு நொடிக்கு 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு வெளியே 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம் கிடைக்கிறது, உள்ளே 21 மைக்ரான். சாதாரண உருண்டை ஊசிமுனையின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் முனை நுழையவே முடியாது. மேலோடு உரசிப் போகும். கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' எல்லாம் எண்ணெயில் விழுந்த கடுகுபோலப் பொரிவது இதனால்தான்.

அதனால்தான் யார் கேட்டாலும் பணத்தை முதலில் ஊசியில் போடுங்கள் என்கிறேன். பக்கவாட்டில் மெலிந்த நீள்வட்ட முனை அந்த வளைவுகளுக்குள் இறங்கும். கேபிளுக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு உருண்டை ஊசியில் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முனை நுழையாத இடத்தில் இருக்கும் ஒலியை எந்தக் கேபிளும் கொண்டுவராது.

பணம் செலவில்லாத வேலையும் இருக்கிறது: எடை. ஊசியைத் தாங்கும் கையான டோன்-ஆர்மின் பின்னால் உள்ள எடையைத் திருகி, கை தராசுமுள்போல நட்டநடுவே மிதக்கும்படி செய்யுங்கள். எண் வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு எடையைத் திருப்புங்கள். பெரும்பாலும் 2 கிராம் பக்கத்தில் இருக்கும். ஊசி குதித்தால் டோன்-ஆர்மின் தலையில் ஒரு ரூபாய்க் காசை வைப்பது நம் வீடுகளின் பழைய வைத்தியம். ஊசி நிற்கும், ஆனால் காசின் எடை முழுதும் சில மைக்ரான் இடத்தில் இறங்கிச் சுவரைத் தேய்க்கும். எடை குறைவாக வைப்பதும் நல்லதல்ல. ஊசி சுவரைவிட்டுத் துள்ளித் துள்ளி விழும், அந்த அடியும் சுவருக்குத்தான்.

எல்லாம் சரிசெய்தும் கடைசிப் பாட்டு பொரிகிறது என்றால், அதே தட்டை வேறொரு நல்ல ஊசியில் கேட்டுப் பாருங்கள். அங்கும் பொரிந்தால் சுவர் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது; பழைய தட்டுகளில் இது சகஜம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அப்புறம், பழைய ரெக்கார்டுப் பெட்டியைக் கிளறும்போது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் பழைய சினிமாப் பாட்டு இபிக்களைத் தள்ளிவிடாதீர்கள். தட்டு சின்னதுதான், ஆனால் அதன் உள்விளிம்பில்கூட நொடிக்கு 25 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. எல்பியின் கடைசிப் பாட்டைவிட அதிகம்.