ஈடூஸ்: ஒரு முழுநிலா நாளுக்கு வந்த கெட்ட பெயர்

மார்ச் பிறந்தால் போதும், 'ஐட்ஸ் ஆஃப் மார்ச்' என்ற தொடர் எங்காவது கண்ணில் பட்டுவிடும். 'ஆகாத நாள்' என்றுதான் பலரும் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் அப்படி ஒரு கெடுதலும் கிடையாது.

இலத்தீனில் இது 'ஈடூஸ்'. ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு 'ஐட்ஸ்' ஆகிவிட்டது. ரோமானியர்கள் தேதியை ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. மாதத்தில் மூன்று நாட்களுக்குத்தான் பெயர். முதல் நாள் கலெண்டே (காலண்டர் என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான்), அப்புறம் நோனே, அதன்பின் ஈடூஸ். மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் ஈடூஸ் 15ஆம் தேதி. மற்ற மாதங்களில் 13. மீதி நாட்களை, அடுத்து வரும் பெயருள்ள நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். மார்ச் 10 என்றால் 'ஈடூசுக்கு முன் ஆறாம் நாள்'. ஐந்துதானே வருகிறது என்று தோன்றும். ஈடூசையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம்.

இந்தச் சொல்லை, இத்தாலியின் பழங்குடிகளான எத்ருஸ்கரின் மொழியோடு இணைக்கிறார் வாரோ என்ற ரோமானிய அறிஞர். மாதத்தை இரண்டாகப் 'பிரிப்பது' என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. நிலவை வைத்து மாதம் கணித்த பழங்காலத்தில் ஈடூஸ் முழுநிலா நாள். ரோமானியரின் தலைமைக் கடவுளான யூப்பிட்டருக்கு உரியது, வெள்ளை ஆடு பலியிடுவார்கள். மார்ச் ஈடூஸ் இன்னும் கலகலப்பானது. அன்று அன்னா பெரென்னா என்ற தெய்வத்துக்கு விழா. ரோம் நகரின் டைபர் ஆற்றங்கரைப் புல்லில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து, எத்தனை கிண்ணம் மது குடிக்கிறோமோ அத்தனை ஆண்டு ஆயுள் கிடைக்கட்டும் என்று வேண்டிக் குடிப்பார்களாம்.

பிறகு வந்தது கி.மு. 44. அந்த ஆண்டு மார்ச் ஈடூஸ் அன்றுதான் ஜூலியஸ் சீசரை 23 இடங்களில் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அதை நாணயத்திலேயே அடித்து வெளியிட்டார்: இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே 'ஈட் மார்' என்ற எழுத்துகள். 'மார்ச் ஈடூஸ் நாளில் எச்சரிக்கையாக இரு' என்று சீசரிடம் சொல்லும் ஷேக்ஸ்பியர் நாடக வசனம் அந்த அச்சத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. ஆற்றங்கரை விழாவை எல்லோரும் மறந்தே போனார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பழைய பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது: உவா. 'உவவுமதி உருவின் ஓங்கல் வெண்குடை' என்று அரசனின் வெண்குடைக்குப் புறநானூறு உவமை சொல்வது இந்த முழுநிலவைத்தான். அமாவாசைக்கும் உவா என்ற பெயர் உண்டு என்பதால், 'வெள்ளுவா' என்றால் குழப்பம் இல்லை.

சீசர் காலத்திலோ ஈடூசுக்கும் நிலவுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. அங்கே 'மார்ச் ஈடூஸ்' என்றே எழுதி, 15ஆம் தேதி என்று பக்கத்தில் குறிப்பதுதான் சரி என்பேன். 'மார்ச் நடுநாள்' மட்டும் வேண்டாம். சங்கத் தமிழில் நடுநாள் என்றால் நள்ளிரவு. சீசர் விழுந்தது நல்ல பகலில்.