சொல் விளக்கம்: குறுக்கெழுத்து

கிராஸ்வேர்ட் என்ற ஆங்கிலப் பெயரைப் பிரித்தால் 'குறுக்குச் சொல்' என்று வரும். கன்னடத்தில் இதைப் பதபந்தம் என்கிறார்கள், மலையாளத்தில் பதப்பிரச்னம். இரண்டிலும் இருக்கும் 'பதம்' சொல்லைத்தான் குறிக்கிறது. இந்தியில் வர்க் பஹேலி, அதாவது கட்டப் புதிர். தமிழில் மட்டும் 'எழுத்து' வந்து உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் அசந்துபோனதால் இப்படி ஆகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த விளையாட்டில் உண்மையாக நடப்பதைச் சரியாகச் சொல்லும் பெயர் இதுதான் என்பது என் துணிபு.

முதலில் ஆங்கிலப் பெயர் வந்த கதை. 1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிறு இணைப்புக்குச் சாய்சதுர வடிவில் ஒரு புதிர் அமைத்தார். நடுவில் வெற்றிடம், கறுப்புக் கட்டங்கள் கிடையாது. அவர் சூட்டிய பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக் கோக்கும் இடத்தில் பெயரின் இரு பாதிகளும் இடம் மாறிவிட்டன. மாறிய பெயரே உலகெங்கும் நிலைத்தது.

தமிழ்ப் பெயர் 'குறுக்கு', 'எழுத்து' என்ற இரண்டு சொற்களால் ஆனது. குறுக்கு என்பதன் ஈற்றில் நிற்பது குற்றியலுகரம். உயிர் வரும்போது அது மெய்யை விட்டுப் போய்விடும். எனவே குறுக்கெழுத்து. குறுக்குச் சுவர், குறுக்குத் தெரு என்பவற்றில் உள்ள அதே குறுக்குதான்: நீளவாக்கில் போகும் ஒன்றை வெட்டிச் செல்வது. எழுத்து, எழுது என்னும் வினையிலிருந்து வந்தது.

இனி ஒரு புதிர்க் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு சொற்கள் ஒன்றையொன்று வெட்டும்போது அவை பகிர்ந்துகொள்வது ஒரே ஒரு கட்டத்தை. அந்தக் கட்டத்தில் இருப்பது ஓர் எழுத்து. தமிழில் அந்த எழுத்து எடை மிகுந்தது. ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டத்துக்கு 26 வாய்ப்புகள், தமிழில் 247. 'கா' இருக்கும் கட்டத்தில் 'க' பொருந்தாது, 'கி' பொருந்தாது. அதனால் குறுக்கே ஓர் எழுத்து உறுதியாகிவிட்டால், கிடைக்கும் துப்பும் அந்த அளவுக்குப் பெரியது.

புள்ளி வைத்த எழுத்துகள் இதைவிடச் சுவையானவை. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. 'மரம்' என்று கட்டத்தில் எழுதினால், கடைசி 'ம்' இருக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. 'பம்பரம்' போன்ற ஒன்றை இறக்கி, அதன் இரண்டாம் எழுத்தை அங்கே பொருத்தலாம். ஆனால் அந்த 'ம்' கட்டத்தின் மேல் ஓரத்தில் நின்றுவிட்டால்? அங்கே 'படம்' என்பதைக் கீழிருந்து மேலாக எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆங்கிலப் புதிரில் இரண்டே திசைகள் இருக்க, தமிழ் இதழ்களில் 'இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்' என்று நான்கு தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கம் இந்த நெருக்கடியில்தான் வேர் கொண்டிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். புதிர் போடுபவரை எழுத்தின் இலக்கணமே திருப்பி நடக்க வைக்கிறது.

விடை தேடுபவருக்கும் அதே இலக்கணம் கைகொடுக்கும். தமிழ்ச் சொல்லில் 'க்' விழுந்த கட்டத்துக்கு அடுத்தது க வரிசை எழுத்தாகவே இருக்கும். வல்லின மெய்யில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடியாது. ஆகவே 'ட்' அல்லது 'ப்' கிடைத்தால், இரண்டு திசையிலும் அது சொல்லின் நடுவில்தான் நிற்கிறது. இதைக் கவனித்துக் கட்டம் நிரப்பிய நாளில்தான் பள்ளியில் படித்த முதல்நிலை, இறுதிநிலை எனக்கு உயிரோடு விளங்கியது.

எழுத்தைக் கட்டத்தில் அடைத்து ஆடுவது நமக்குப் புதிதும் அன்று. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தின் ஒவ்வொரு பாடலும் பின்னிருந்து படித்தாலும் அப்படியே வரும். 'யாமாமாநீ' என்று தொடங்கும் பாடலைத் திருப்பும்போது 'யா' ஒரே அலகாகத்தான் திரும்புகிறது; ய் தனியாகவும் ஆ தனியாகவும் உடைவதில்லை. எழுத்துகளை ஓவியம்போல் அடுக்கிப் பாடும் சித்திரகவி வகையில் சருப்பதோபத்திரம் என்று ஒன்று உண்டு: எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள், நான்கு திசையிலும் படிக்கலாம்.

குறுக்கெழுத்தோடு 'போட்டி' என்ற ஒட்டு வந்ததற்கு வேறு வரலாறு. 1930களில் ஆனந்த விகடன் பரிசுத் தொகையோடு நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இத்தகைய போட்டிகளில் ஒரே குறிப்புக்குப் பல விடைகள் பொருந்தும். நடத்துபவர் வைத்திருக்கும் விடையே வெல்லும் என்பதால் அறிவைவிட அதிர்ஷ்டம் மேலோங்கியது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதப் பரிசு மொத்தம் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. பரிசை எண்ணாமல் ஆடுகிறவர்கள் 'குறுக்கெழுத்துப் புதிர்' என்று சொல்வதே பொருத்தம்.

இன்னொரு சொல்லுக்கும் தமிழ் வேண்டியிருக்கிறது. நாள்தோறும் வரும் புதிர்களில் சிறந்தவை 'தீம்' உடையவை. நியூயார்க் டைம்ஸ் 1942 பிப்ரவரியில் ஞாயிறு புதிரையும் 1950இல் அன்றாடப் புதிரையும் தொடங்கியது. அங்கே வாரத்தின் முதல் நான்கு நாள் புதிர்களில் பெரும்பாலும் நீண்ட விடைகளெல்லாம் ஒரே இழையில் கோக்கப்பட்டிருக்கும். அந்த இழை பிடிபடும் நொடிக்காகவே மற்றக் கட்டங்களை நிரப்புகிறோம். பிடிபட்டதும், திறக்காத மூலைகள் தாமாகத் திறக்கும்.

1996 நவம்பர் 5, பில் கிளிண்டனும் பாப் டோலும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். அன்றைய டைம்ஸ் புதிரை ஜெரமையா ஃபாரல் அமைத்திருந்தார். நடு வரிசையில் மறுநாள் நாளிதழின் தலைப்புச் செய்தி வர வேண்டும். 'கிளிண்டன்' என்று நிரப்பியவர்களுக்கும் பொருந்தியது. 'பாப் டோல்' என்று நிரப்பியவர்களுக்கும் பொருந்தியது. இரண்டும் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. குறுக்கே வெட்டும் ஏழு சொற்களின் குறிப்புகளும் இரட்டை விடை கொண்டவை. 'ஹாலோவீன் நாளின் கறுப்பு விலங்கு' என்ற குறிப்புக்கு சி போட்டால் பூனை, பி போட்டால் வௌவால். வாக்கு எண்ணி முடியும் முன்பே சரியான விடையை அச்சிட்டுவிட்டார் ஃபாரல்.

இந்தத் தீமைத் 'தலைப்பு' என்பது போதாது. தலைப்பு மேலே தெரிவது, இது உள்ளே ஒளிந்திருப்பது. மாநாடுகளுக்கும் கண்காட்சிகளுக்கும் நாம் ஏற்கெனவே பயன்படுத்தும் 'கருப்பொருள்' இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. அகப்பொருள் இலக்கணத்தில் ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், விலங்கு, மரம், பறை, மக்கள், தொழில் எல்லாம் சேர்ந்தவையே கருப்பொருள். ஒரு பூவையோ பறவையையோ பாட்டில் கண்டதும் திணையை அடையாளம் கண்டுகொள்ளும் வாசகர், கருப்பொருள் குறுக்கெழுத்தை அவிழ்ப்பவரின் மூத்த உறவினர்.

அப்படி ஒன்று தமிழில் போட்டால் இப்படித் தொடங்கலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க இதைப் புட்டாகச் செய்து கொடுப்பார்கள், இரண்டு எழுத்து. இந்த மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் விளக்கெரிக்கும், மூன்று எழுத்து. வண்டியில் உப்பேற்றி ஊர் ஊராகப் போனவர், நான்கு எழுத்து, கீழிருந்து மேல். வலை வீசிப் பிழைத்தவர், ஐந்து எழுத்து, கலைந்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் கூடும் நிலம், நான்கு எழுத்து.